எதிரொலி அணைந்த திரை

தீவனம் வீசும் நிரல் பாதியில் செத்துப்போனது.
போகிற போக்கில் திரையின் நாக்கையும்
பிடுங்கிக்கொண்டு போனது.
சின்ன எழுத்தெல்லாம் மூலைகள், கோடுகள்,
அங்கங்கே ஒரு வைரக் கட்டி.
யாரோ சுவர் எழுப்பத் தொடங்கி
வாசல் வைக்க மறந்ததுபோல.

அதிகாலை மூன்று, கிளாக்ஸ்விக்.
மழை படுத்தவாக்கில் பெய்கிறது.
இந்தத் தீவில் அது நின்று பெய்த நாள் குறைவு.
ஃபியோர்டில் பதினொரு வலைவளையங்கள்,
வளையத்துக்கு அறுபதாயிரம் சால்மன்.
கரையிலிருந்து மிதவைக்கு ஒரே இணைப்பு,
ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் உள்ளே விடும்.
வேறு ஜன்னல் திறந்து தப்பிக்க வழியில்லை.

எண்கள் மட்டும் எண்களாகவே நின்றன.
8.4. 8.1. 8.6.
எது எந்த வளையத்தின் பிராணவாயு, தெரியாது.
ஆனாலும் எல்லாம் எட்டுக்கு மேல்.
மீன் சாகாது.
அவசரமில்லை
என்பதுதான் எனக்கு ஆபத்து.

விசையைத் தட்டினேன், திரையில் ஒன்றும் விழவில்லை.
இன்னொன்று தட்டினேன்.
எதிரொலியையும் அணைத்துவிட்டுத்தான் செத்திருக்கிறது.
இயந்திரத்துக்குக் காது இருக்கிறது, கேட்கிறது,
கேட்டேன் என்று சொல்லத்தான் வாய் இல்லை.

மருந்து எனக்குத் தெரியும், ஐந்தெழுத்து.
கண்ணை மூடிக்கொண்டு அடிக்க வேண்டும்,
முடிவில் என்டர் கேட்காது,
கன்ட்ரோலோடு ஜே.
முன்பு இரண்டு முறை செய்திருக்கிறேன்.

செய்யவில்லை.
எழுதுவது தெரியாத இடத்தில்
எதை வேண்டுமானாலும் எழுதலாமே என்று
விரல் தானாகத் தொடங்கிவிட்டது:

யாகுப், படகை விற்றது வங்கி இல்லை, நான்.

நான்கு வருடம்.
ஞாயிறுதோறும் ஓர்ஹூஸிலிருந்து அழைப்பான்,
காற்றாலை இறக்கைகளைப் பற்றிப் பேசுவான்,
வங்கியை ஒருமுறை திட்டாமல் வைக்க மாட்டான் என் தம்பி.
நானும் சேர்ந்து திட்டியிருக்கிறேன்.

சரி, போதும், அழித்துவிடு.
கன்ட்ரோலோடு யூ, வரி முழுக்கப் போய்விடும்.
யூவுக்கு நேர் கீழே ஜே.
மழைக்கோட்டின் ஈரம் இன்னும் காயாத விரல்.

திரை ஒரு வரி துப்பியது.
மூலை, கோடு, கோடு, வைரம்.
நடுவில் ஒரே ஒரு எழுத்து உடையாமல்.
பெரிய எழுத்துகளை இந்த நோய் தொடுவதில்லை.
அவன் பெயரின் முதலெழுத்து,
தூண்டில் முள் மாதிரி வளைந்து
தொங்கிக்கொண்டிருந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தேன்.
ஆர், ஈ, எஸ், ஈ, டி. கன்ட்ரோல், ஜே.

ஒரு நொடி கறுப்பு.
பிறகு கட்டளைக் குறி, அதன் பக்கத்தில் துடிக்கும் கட்டம்,
ஒன்றும் நடக்காததுபோல.
எழுத்தெல்லாம் எழுத்து.
ஏழாம் வளையம் 8.4, மூன்றாம் வளையம் 8.1.
தீவன நிரலை மறுபடி எழுப்பினேன்,
இருட்டில் குழாய்கள் இருமத் தொடங்கின.

மேல் அம்புக்குறி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
அங்கே இருந்தது, ஒரு எழுத்தும் பிசகாமல்.
இருட்டில் அடித்தேன், ஒரு பிழை இல்லை.
பகலில் அவனுக்கு ஒரு வாழ்த்து அனுப்பினாலே
நாலு திருத்தம் வரும் எனக்கு.

ஆறு மணிக்கு எய்துன் வருவான்.
கோட்டைக் கழற்றும் முன்பே
மேல் அம்புக்குறியைத்தான் அழுத்துவான்,
ராத்திரி நான் என்ன செய்தேன் என்று பார்க்க.

அந்த ஒரு வரியை மட்டும் நீக்க வழி உண்டு.
கையேட்டில் இருக்கிறது, கையேடு அலமாரியில்.
எழுந்திருக்கவில்லை.

ஏழாம் வளையத்தின் அளவை மறுபடி கேட்டேன்.
8.4.
மறுபடி.
8.4.
மறுபடி. 8.3.
ஒவ்வொரு கேள்வியும் அதை
ஒரு படி கீழே தள்ளியது.
பத்தொன்பது முறை கேட்டிருப்பேன்.

எய்துன் அவ்வளவு ஆழம் இறங்க மாட்டான்,
பொறுமை கிடையாது.

இன்று சனி.